பூட்டுன வீட்டு முன்னாடி நிக்குற நம்ம ஃபார்வர்டுங்க

ஆசிரியருக்கு வணக்கம்.

2025 நவம்பர் 18ஆம் தேதி டாக்காவுல நம்ம இந்தியா ஃபுட்பால் டீம் பங்களாதேஷ்கிட்ட 1-0ன்னு தோத்துச்சுல்ல, மறுநாள் உங்க ஸ்போர்ட்ஸ் பக்கத்துல கீழ் மூலையில ஒரு சின்ன செய்தி, கடைசி வரைக்கும் முட்டிப் பாத்தோம் ஆனா நேரம் சரியில்லன்ற தோரணையில. கிரிக்கெட்டுக்கு முக்கால் பக்கம் போனதுல எனக்கு வருத்தமே இல்ல, அது பழகிப்போச்சு. இந்த "நேரம்"தான் உறுத்துது. ஒரு தடவை நடந்தா நேரம்னு விட்டுடலாம், வருஷக்கணக்கா அதே கதை ஓடுனா அதுக்குப் பேரு வேற.

சும்மா எண்ணிப் பாருங்க. 2024 மார்ச்ல சவூதியில ஆப்கானிஸ்தானோட 0-0. அஞ்சு நாள் கழிச்சு குவாஹாத்தியில அதே டீம்கிட்ட 2-1 தோல்வி, நம்ம அடிச்ச ஒரே கோலும் அப்போதைய கேப்டன் சேத்ரியோட பெனால்டி, அதுவும் அவரோட 150வது மேட்ச்ல. ஜூன்ல கொல்கத்தா சால்ட் லேக்ல அவருக்கு வழியனுப்பு, குவைத்தோட 0-0. செப்டம்பர்ல ஹைதராபாத்துக்கு மொரீஷியஸ் வந்தாங்க, ரேங்க் 179, அவங்களோடயும் 0-0. 2025 மார்ச்ல ஷில்லாங்ல பங்களாதேஷோட 0-0, செப்டம்பர்ல தஜிகிஸ்தான்ல நடந்த காஃபா கப்ல (மத்திய ஆசிய டீமுங்க நடத்துற போட்டி) மறுபடி ஆப்கானிஸ்தான், மறுபடி 0-0. இதுல எல்லாருமே பஸ்ஸை குறுக்க நிறுத்துன மாதிரி கோல் முன்னாடி கூட்டமா அடைச்சிக்கிட்டு நின்னாங்கன்னு சொல்ல மாட்டேன், குவைத் ஆடத்தான் வந்தாங்க, ஷில்லாங்ல முதல் அரை மணி நேரத்துல பங்களாதேஷே ரெண்டு போட்டிருக்கணும், நம்ம கீப்பர் அவ்ளோ தூக்கிக் குடுத்தாரு. ஆனா எப்பெல்லாம் எதிராளி இனிமே முன்னாடி வரமாட்டேன்னு கதவ சாத்திட்டு உக்காந்தானோ அப்பெல்லாம் நம்மாளுங்களுக்கு அடுத்து என்ன பண்றதுன்னே தெரியல. டாக்காவுலயும் அதான். 11வது நிமிஷத்துல அவங்க மோர்சலின் கோல் போட்டுட்டான், அதுக்கப்புறம் மிச்சம் முழுசும் அவங்க காப்பாத்துறதுலதான் குறியா இருந்தாங்க. நமக்கு வந்த பெரிய சான்ஸ்னா நம்ம சாங்டே அடிச்சத அவங்க ஹம்சா சௌத்ரி தலையால முட்டி வெளிய தள்ளுனது ஒண்ணுதான் மனசுல நிக்குது. ஆசிய கப் குவாலிஃபையர்ல நம்ம குரூப்ல முதல் 'பாட்'ல (ரேங்க் பாத்து டீமுங்கள பிரிக்கிறதுல மேல் வரிசை) இருந்த டீம் நாம, ஆனா டாக்காவோட சேத்து அஞ்சு மேட்ச்ல ரெண்டே கோல், ஒரு ஜெயம் கூட கிடையாது.

நான் வியாசர்பாடிக்காரன் சார். எங்க ஏரியாவ மினி பிரேசில்னு சொல்லுவாங்க, அந்தப் பெருமைய கொஞ்சம் தள்ளி வச்சிட்டே பேசுறேன். சின்ன வயசுல பதினாறு பதினேழு வருஷம் லோக்கல் டீம்ல ஸ்டாப்பர் ஆடுனவன் நான், அதாவது கோல் போடுறத தடுக்குற வேலை. டிவியில நம்ம டீம் அட்டாக் பண்றப்ப எல்லாரும் ஃபார்வர்டு கண்ணாலதான் பாக்குறாங்க, எனக்கு அந்தப் பக்கம் நிக்குற ஸ்டாப்பர் கண்ணுதான் வருது. அவன் எவ்ளோ நிம்மதியா நிக்குறான் தெரியுமா? நம்ம லெஃப்ட் பேக் கிட்ட பால், அங்கிருந்து உள்ள வந்து நடு ஹாஃப் கிட்ட, அங்கிருந்து ரைட் பேக், மறுபடி நடுவுக்கு, எல்லாமே எனக்கு முன்னாடியே நடக்குது, தலைய கூட திருப்ப வேணாம். கடைசியில பொறுமை போயி லைன் ஓரத்துலேர்ந்து உயரமா ஒரு கிராஸ். ஸ்டாப்பருக்கு இதவிட லட்டு கிடையாது, முகத்துக்கு நேரா வர்ற பால், நின்ன இடத்துலேர்ந்து தலைய குடுத்தா போதும்.

ஸ்டாப்பருக்கு எது பிடிக்காதுன்னும் சொல்லிடுறேன். முதுக எங்க மேல சாச்சு ஒருத்தன் ஒட்டிக்கிட்டு நின்னு, பால் வந்ததும் உடம்ப வச்சு மறைச்சு, ஒரே டச்ல பக்கத்துல வர்றவனுக்கு வச்சு குடுக்குறான் பாருங்க, அவனப் பிடிக்காது. அவன் பின்னாடி போறதா இடத்தக் காக்குறதான்னு ஒரு நொடி யோசிக்க வேண்டியிருக்கு, அந்த ஒரு நொடியிலதான் கோல் விழும். அப்புறம் எண்ட் லைன் வரைக்கும் ஓடிப்போயி பாலை பின்னாடி தரையோட தள்ளி விடுறது, நாங்க எல்லாம் கோலைப் பாத்து ஓடிக்கிட்டு இருப்போம், பால் எங்களுக்கு எதிர்த்தாப்புல போகும், எவன் வர்றான்னே தெரியாது. இந்த ரெண்டும் நம்ம டீம்ல எத்தனை தடவை பாத்தீங்க? நான் பாத்தது விரல்விட்டு எண்ணிடலாம்.

நாம ஜெயிச்ச மேட்ச எடுத்தாலும் இதே கதைதான். மாலத்தீவ ஷில்லாங்ல 3-0ன்னு அடிச்சோமே, 2024 முழுக்க ஒரு மேட்ச் கூட ஜெயிக்காம இருந்துட்டு, மூணுமே தலையால போட்டது, அதுல ரெண்டு கார்னர்லேர்ந்து, முதல் கோல் பேக் ஆடுற ராகுல் பேகே. தஜிகிஸ்தான 2-1ன்னு ஜெயிச்சோம், கோல் போட்டது அன்வர் அலி, சந்தேஷ் ஜிங்கன், ரெண்டு பேருமே ஸ்டாப்பருங்க. எங்க ஸ்டாப்பர் இனத்துக்குப் பெருமைதான், இல்லன்னு சொல்லல. ஆனா ஸ்டாப்பர் வந்து கோல் போட்டாதான் பொழப்பு ஓடும்னா ஃபார்வர்டு எதுக்கு?

இனிமேதான் விஷயம். நம்மகிட்ட ஓடுறவங்க நிறைய, சாங்டே, லிஸ்டன், மகேஷ் எல்லாருமே விங்ல பறக்குற ஆளுங்க, முன்னாடி காலி இடம் இருந்தா எவனையும் அலற விடுவாங்க. 2024 ஜூன்ல தோஹாவுல கத்தாரையே 73வது நிமிஷம் வரைக்கும் 1-0ன்னு பின்னாடி வச்சிருந்தோம், சாங்டே போட்ட கோல். பெரிய டீம் நம்மள நோக்கி ஏறி வரும்போது திருப்பி ஓடி அடிக்கிற கவுண்டர் அட்டாக்ல இவங்க தங்கம். ஆனா இடமே இல்லாத நடுவுல, கோல் முன்னாடி இருக்குற பாக்ஸுக்குள்ள, முதுகுல ஆள சுமந்துக்கிட்டு நிக்குறதுக்கு வாராவாரம் பழகுன ஆள் நம்மகிட்ட யாரு? மன்வீர் சிங்க பாருங்க, இந்தியாவுக்கு நடுவுல நிக்க சொல்றாங்க, அவரோட கிளப் மோகன் பகான்ல அவரு ரைட் விங், நடுவுல மெக்லாரன், கம்மிங்ஸ்னு ரெண்டு ஆஸ்திரேலியாக்காரங்க. சேத்ரியே பெங்களூரு கிளப்ல வெளிநாட்டு ஸ்ட்ரைக்கர் மிக்கு இருந்தப்போ லெஃப்ட்ல ஒதுங்கித்தான் ஆடுனாரு.

ஐஎஸ்எல்னு நம்ம நாட்டு கிளப்புங்க ஆடுற லீக்ல, சீசன்ல அதிக கோல் போட்டவருக்குக் குடுக்குற கோல்டன் பூட்ட எடுங்க. 2014லேர்ந்து 2024-25 வரைக்கும் பதினோரு சீசன், ஒரு இந்தியன் கூட வாங்கல. இதுல நம்ம ஊரு சென்னையின் கிளப்புக்கும் பங்கு இருக்கு, முதல் வருஷம் எலானோ, அடுத்த வருஷம் மெண்டோசா, அப்புறம் 2019-20ல வால்ஸ்கிஸ், மூணு தடவை நம்மாளுதான்னு நேரு ஸ்டேடியத்துல நானும் தொண்ட கிழிய கத்துனவன்தான். 2024-25 சீசன்ல நார்த் ஈஸ்ட் கிளப்போட வெளிநாட்டு ஆளு அஜாரே மட்டும் 23 கோல், இந்தியர்கள்ல முதல் ஆளு 14 கோல் போட்ட சேத்ரி, வயசு 40. நாப்பது வயசு மனுஷன் முன்னாடி நிக்குறாருன்னா அவருக்குப் பின்னாடி வர்றவனெல்லாம் எங்க போனான்? ஜெஜே ஞாபகம் இருக்கா உங்களுக்கு? 2017-18ல சென்னையின் கப் ஜெயிச்சப்போ நடுவுல நின்னு 9 கோல் போட்டாரு. நம்பி நிக்க வச்சா ஆடுவான்றதுக்கு அவரு போதும். இப்ப அவரு மிசோரம்ல எம்எல்ஏ, அது வேற கதை.

எங்க தெருவுலயே ஒரு பையன், என் அக்கா மவன்தான், ஸ்கூல் டீம்ல சென்டர் ஃபார்வர்டு, நல்ல கட்டை உடம்பு, திரும்புறதுல கில்லாடி. ஒரு கிளப் செலக்‌ஷனுக்குப் போனான். அங்க கோச்சு பாத்துட்டு நீ நல்லா ஓடுற விங்குக்குப் போ, நடுவுக்கு நாங்க வெளிநாட்டு ஆளுதான் பாப்போம்னு சொல்லிட்டாராம். இவனும் போனான், ரெண்டு வருஷம் லைன் ஓரமா ஓடுனான், இப்ப ரைட் பேக். அந்தக் கோச்சையும் குத்தம் சொல்ல முடியாது, தோத்தா அவரு வேலை போகும், கோல் போடுற எடத்துல ரிஸ்க் எடுக்க அவருக்கென்ன தலையெழுத்தா. ஆனா நாடு முழுக்க எல்லா கிளப்பும் அதையே பண்ணா நமக்கு விங்கரும் பேக்கும்தான் மிஞ்சுவாங்க, மிஞ்சியும் இருக்காங்க.

வெளிநாட்டு ஆளே வேணாம்னு நான் சொல்லல, அவங்ககிட்ட கத்துக்க எவ்ளவோ இருக்கு. ஆஸ்திரேலியாவுல பொறந்த ஃபார்வர்டு ரயான் வில்லியம்ஸ் இந்தியாவுக்கு ஆட அந்த நாட்டு பாஸ்போர்ட்ட விட்டுட்டு வந்தாருன்னதும் ஏரியா பசங்க எல்லாம் பிரச்சன முடிஞ்சுதுன்னு குதிச்சாங்க, பேப்பர் வேலை முடியாம டாக்காவுல அவர இறக்கவே முடியல. வரட்டும், சந்தோஷம். ஆனா ஒருத்தர் வந்து எத்தனை வருஷம் ஓட்டுறது.

பாஸ் நிறைய போட்டா சரியாயிடும்னு ஒரு குரூப் டீக்கடையில பேசுது, அவங்களுக்கு ஸ்பெயின ஞாபகப்படுத்தணும். 2018 உலக கப்ல ரஷ்யா பின்னாடி உக்காந்துக்கிச்சு, ஸ்பெயின் ஆயிரத்துக்கு மேல பாஸ் போட்டுச்சு, கிடைச்ச ஒரு கோலும் ரஷ்யாக்காரன் தனக்கே போட்டுக்கிட்டது, கடைசியில பெனால்டியில வெளிய. 2022ல மொராக்கோ, அதே ஆட்டம், 0-0, பெனால்டியில ஒண்ணு கூட உள்ள போகல. 2024 யூரோல அவங்க கப் எடுத்தாங்கன்னா ரெண்டு பக்கமும் யமால், நிகோன்னு ஆளுக்கு ஆள் நேருக்கு நேர் போயி உடைக்கிற பசங்க வந்ததுதான் பெரிய காரணம். அந்த உடைக்கிற தைரியம் எங்க சந்துல ஆடுற பசங்களுக்கு பத்து வயசுலயே இருக்கு சார், ஆட்டோ ஒரு பக்கம் தண்ணி டிரம்மு ஒரு பக்கம், நடுவுல மூணடி இடத்துல திரும்புறான். கேம்புக்குப் போனதும் ரெண்டு டச்சுக்கு மேல வச்சா திட்டு வாங்குறான்.

உங்ககிட்ட கேக்குறது பெருசா ஒண்ணுமில்ல. அடுத்த இந்தியா மேட்ச் ரிப்போர்ட்ல பால் நம்மகிட்ட எத்தனை சதவீதம் இருந்துச்சுன்னு போடுறீங்கல்ல, அத எடுத்துட்டு நம்ம சென்டர் ஃபார்வர்டு எதிராளி பாக்ஸுக்குள்ள எத்தனை தடவை பாலை தொட்டாருன்னு ஒரே ஒரு வரி போடுங்க. அந்த ஆளு அவரோட கிளப்ல எந்த எடத்துல ஆடுறாருன்னும் பக்கத்துலயே போட்டுடுங்க. இடம் இல்லன்னா என் லெட்டர்ல பாதிய வெட்டிக்கோங்க, பரவால்ல, ஸ்டாப்பர் பத்தி எழுதுனத மட்டும் வெட்டாதீங்க.

இப்படிக்கு,
உங்க பத்திரிகையோட பழைய வாசகன்,
வியாசர்பாடி, சென்னை-39