அனுமதி கிடைப்பதற்கு முன்பே கையெழுத்து வாங்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்காவில் யூனியன் பசிபிக், நோர்போக் சதர்ன் என்ற இரண்டு பெரிய புகையிரதக் கம்பனிகள் ஒன்றாகச் சேரப் போவது பற்றித் தங்கள் பத்திரிகையின் வர்த்தகப் பக்கத்தில் வாசித்தேன். 85 பில்லியன் டொலர் பெறுமதி, பங்குதாரருக்கு என்ன கிடைக்கும், போட்டிக் கம்பனிகள் ஏன் எதிர்க்கின்றன என்று எல்லாம் இருந்தது. அந்த ரயில்களை ஓட்டுகிறவர்களும் தண்டவாளத்தைப் பழுதுபார்க்கிறவர்களும் என்ன கேட்கிறார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. கொழும்பில் சம்பளத்துக்கு வேலை செய்கிற நமக்கு அந்தப் பகுதிதான் முக்கியம், அதனால்தான் எழுதுகிறேன்.

2025 ஜூலை 29 ஆம் திகதி இந்த இணைப்பை அறிவித்தார்கள். ஒன்று மேற்கில் ஓடுகிறது, மற்றது கிழக்கில். சேர்ந்தால் 43 மாநிலங்களில் 50,000 மைலுக்கு மேற்பட்ட பாதை ஒரே கம்பனியின் கையில் வரும். நமது புகையிரதத் திணைக்களம் போல இவை அரசாங்கத்துடையவை அல்ல, தனியார் கம்பனிகள், ஆனாலும் தரைவழிப் போக்குவரத்துச் சபை என்ற அரச அமைப்பு சரி சொல்லாமல் சேர முடியாது. டிசம்பரில் விண்ணப்பம் போட்டார்கள், முழுமையாக இல்லை என்று 2026 ஜனவரியில் சபை அதைத் திருப்பிவிட்டது. தொழிற்சங்கத்துக்குப் பேரம் பேசக் கிடைக்கிற காலம் இந்த இடைவெளிதான். அனுமதி வரும்வரை கம்பனிக்குத் தொழிலாளர்களின் ஆதரவு வேண்டும், சபைக்கு முன்னால் அவர்கள் எழுந்து எதிர்த்துப் பேசினால் கம்பனிக்குச் சிக்கல். அனுமதி கைக்கு வந்த மறுநாள் அந்தத் தேவை இல்லாமல் போய்விடும்.

சட்டத்தில் பாதுகாப்பே இல்லையா என்றால் இருக்கிறது. நியூயோர்க் டொக் நிபந்தனைகள் என்று 1979 இல் வந்த ஏற்பாட்டின்படி, இணைப்பால் வேலை போனவருக்கும் சம்பளம் குறைந்தவருக்கும் 6 ஆண்டுகள் வரை ஈடு கிடைக்கும். ஆனால் நாற்பது வயதில் வேலையை இழக்கிறவருக்கு 6 ஆண்டுகள் எம்மாத்திரம்? வேலை போனதற்குக் காரணம் இணைப்புத்தானா, வியாபாரம் குறைந்ததா என்று நடுவர் முன்னால் வாதாடுகிற அலைச்சல் வேறு.

அதனால்தான் ஸ்மார்ட்-டிடி என்ற சங்கம் செய்ததை நான் உன்னிப்பாகப் பார்த்தேன். சரக்கு ரயில்களில் நம்மூர் கார்ட்மாரைப் போல வேலை செய்கிற கண்டக்டர்களின் சங்கம் அது. முதலில் இணைப்பை எதிர்த்தார்கள், சில வாரங்கள் பேசினார்கள், இணைப்பின்போது வேலையில் இருக்கும் உறுப்பினர்களுக்குச் சேவைக்காலம் முழுவதும் வேலை உறுதி என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு ஆதரவு கொடுத்தார்கள். எஞ்சின் சாரதிகளின் சங்கமும் பாதை பராமரிப்புத் தொழிலாளர்களின் சங்கமும் அந்த வழியில் போகவில்லை, இணைப்பை வெளிப்படையாக எதிர்த்தார்கள். யார் சரி என்று அங்குள்ளவர்கள் சண்டை போடுகிறார்கள். என்னைக் கேட்டால் எழுத்தில் வாங்கியது நல்ல வேலை, தனியாகப் போய் வாங்கியது நல்லதல்ல. ஒரே ரயிலில் போகிற இருவரில் ஒருவருக்கு உறுதிமொழி இருக்கிறது, மற்றவருக்கு இல்லை, இதில் யாருக்கு லாபம்?

இதை மலையகத்தில் நாம் நேரிலேயே பார்த்திருக்கிறோம். தோட்டங்கள் 1992 இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போன பிறகு, கூட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட சங்கங்கள் ஒரு பக்கம், வெளியே நின்று கத்திய சங்கங்கள் மறுபக்கம். ஒவ்வொரு முறையும் அந்தப் பிளவுக்குள்ளேதான் சம்பளப் பேச்சு நடந்தது. கடைசியில் 2021 இல் சம்பள நிர்ணய சபை 1000 ரூபா நாட்சம்பளத்தைத் தீர்மானித்ததும் கம்பனிகள் ஒப்பந்தத்தையே விட்டு விலகிவிட்டன. சம்பளத்தைத் தவிர அதில் எழுதியிருந்த மற்ற விஷயங்களும் அதோடு ஆட்டம் கண்டன. ஒரு தரப்பு விலகிக்கொள்ள வழி வைத்து எழுதிய ஒப்பந்தத்தை நான் பாதுகாப்பு என்று சொல்ல மாட்டேன்.

இன்னொன்று, வேலை உறுதி என்றால் எந்த ஊரில் வேலை? யூனியன் பசிபிக்கின் தலைமையகம் ஒமாஹாவில், நோர்போக் சதர்னின் தலைமையகம் அட்லாண்டாவில். உன் வேலை போகாது, ஆனால் உன் டிப்போவை மூடுகிறோம், 500 மைல் தள்ளிப் போய் வேலை செய் என்று சொன்னால் அதுவும் ஒருவகையில் வேலைநீக்கம்தான். பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வயதான அம்மா அப்பா, கடன் வாங்கிக் கட்டிய வீடு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போக முடியுமா? இடமாற்றக் கடிதம் வாங்கிய அரச ஊழியர் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆகவே ஊர், பதவித் தரம், சேவை மூப்பு மூன்றையும் எழுதாத உறுதிமொழியில் கையெழுத்துப் போடக்கூடாது.

ஆள்குறைப்புப் பயம் வெறும் கற்பனையும் அல்ல. அமெரிக்கத் தரைவழிப் போக்குவரத்துச் சபையின் அப்போதைய தலைவர் மார்ட்டின் ஓபர்மன் 2022 இல் சொன்ன கணக்கின்படி, பெரிய புகையிரதக் கம்பனிகள் 6 ஆண்டுகளில் 45,000 பேரை, அதாவது ஊழியர்களில் 29 சதவீதத்தைக் குறைத்திருந்தன. அவ்வளவும் இந்த இணைப்புப் பேச்சு வருவதற்கு முன்னால். அதே 2022 இல் சுகவீன விடுமுறை கேட்டு வேலைநிறுத்தம் வரை போன புகையிரதச் சங்கங்கள் மீது அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டம் போட்டு ஒப்பந்தத்தைத் திணித்தது, ஜனாதிபதி பைடனும் கையெழுத்திட்டார். கேட்ட 7 நாள் விடுமுறை அதன் மேலவையான செனட்டில் தோற்றது.

இங்கேயும் 2025 செப்டம்பரில் மின்சார சபையைப் பல கம்பனிகளாகப் பிரிப்பதை எதிர்த்து ஊழியர்கள் சட்டப்படி வேலை செய்யும் போராட்டம் தொடங்கியதும், மின்சாரம் அத்தியாவசிய சேவை என்று வர்த்தமானி வந்தது. 1980 ஜூலை வேலைநிறுத்தத்தில் சுமார் 40,000 பேர் வேலை இழந்தார்கள், புகையிரதத் தொழிலாளர்களும் அதில் இருந்தார்கள், அந்தக் குடும்பங்கள் பட்டதை மருதானையிலும் இரத்மலானையிலும் வயதானவர்கள் இன்னும் சொல்வார்கள். அரசாங்கம் எப்போது வேண்டுமானாலும் வேலைநிறுத்தத்தைத் தடுத்துவிடும் என்ற நிலையில், சட்டமும் வர்த்தமானியும் வருவதற்கு முன்னால் நடக்கிற பேச்சுவார்த்தைக்குத்தான் பலம் அதிகம்.

மறுசீரமைப்பு, இணைப்பு, பிரிப்பு என்று எந்தப் பெயரில் வந்தாலும் நமது சங்கத் தலைவர்கள் அனுமதிக்குப் பிறகு பார்க்கலாம் என்று சொல்வதை நிறுத்த வேண்டும். ஊழியர் சேமலாப நிதி, ஓய்வூதியம், சேவை மூப்பு, வேலை செய்யும் ஊர் இவற்றை எல்லாச் சங்கங்களும் ஒரே தாளில் எழுதி ஒன்றாகக் கொண்டுபோக வேண்டும், கையெழுத்திடும் முன் உறுப்பினர்களுக்கு அதைத் தமிழிலும் சிங்களத்திலும் வாசிக்கக் கொடுக்க வேண்டும். தாங்களும் இந்த அமெரிக்கப் பேச்சுவார்த்தையை வர்த்தகப் பக்கத்தோடு விடாமல், எந்தச் சங்கம் எதைக் கேட்டது, எதைப் பெற்றது என்று தொடர்ந்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புகையிரத ஊழியர்,
தெமட்டகொடை, கொழும்பு 9