அந்தப் புறாக்கள் அப்பா செய்தவை அல்ல, மகன் செய்தவை

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற ஞாயிறு இணைப்பில் பழைய பிரெஞ்சு சென்ட் பாட்டில்கள் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். தமிழில் இதையெல்லாம் யாராவது எழுதுவதே அபூர்வம், அதனால் சந்தோஷம்தான். ஆனால் நினா ரிச்சி நிறுவனத்தின் 'லேர் து தாம்' சென்ட் பாட்டில் மூடியில் இருக்கும் இரண்டு புறாக்களை பிரெஞ்சுக் கண்ணாடிக் கலைஞர் ரெனே லாலிக் வடிவமைத்தார் என்று போட்டிருக்கிறீர்கள். அது தவறு. ரெனே 1945 மே மாதமே இறந்துவிட்டார். அந்த சென்ட் விற்பனைக்கு வந்ததே 1948இல்தான், இரட்டைப் புறா மூடி வந்தது 1951இல். செய்தவர் அவருடைய மகன் மார்க் லாலிக்.

அப்பாவோ மகனோ, குடும்பப் பெயர் ஒன்றுதானே என்று விட்டுவிடலாம். எனக்கு மனசு கேட்கவில்லை. அந்த பாட்டில் முழுக்க முழுக்க இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மிஞ்சி நின்றவர்களின் வேலை, ரெனே பெயரைப் போட்டதும் அந்தக் கதையே காணாமல் போய்விடுகிறது.

முதலில் ரொபேர் ரிச்சி. தையல் கலைஞரான அம்மா நினாவோடு சேர்ந்து 1932இல் பாரிஸில் உடை நிறுவனம் தொடங்கியவர். 1945 மார்ச்சில், ஜெர்மனி இன்னும் சரணடையாத நேரத்தில், துணிக்கே தட்டுப்பாடாக இருந்த பாரிஸில் அவர் முன்னின்று ஒரு கண்காட்சி நடந்தது. ஆள் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும் கம்பிப் பொம்மைகளுக்கு, நகரத்தின் பெரிய தையல் நிறுவனங்கள் எல்லாம் அளவெடுத்து, பொத்தான் வரைக்கும் விடாமல் உடை தைத்துப் போட்டன. போரில் பாதிக்கப்பட்டவர்களுக்கு நிதி திரட்டத்தான் அது. அந்தப் பொம்மைகளின் தலைகளைச் செய்தவர் ஜோவான் ரெபுல், ஸ்பெயின் உள்நாட்டுப் போருக்குப் பிறகு பிரான்ஸில் அடைக்கலம் புகுந்த கட்டலான் சிற்பி. மூன்று வருடம் கழித்து 'லேர் து தாம்' வந்தபோது முதல் பாட்டிலை வடிவமைத்தவரும் இதே ரெபுல்தான். கதிர் விரித்த சூரியன் போன்ற பாட்டில், மூடியில் ஒற்றைப் புறா. பாரிஸ் அமைதி மாநாட்டுக்கான ஓவியர் பிக்காசோவின் புகழ்பெற்ற புறா சுவரொட்டி 1949இல்தான் வந்தது, இந்தப் புறா அதற்கும் முந்தியது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் மார்க். ஜெர்மன் எல்லையோரத்து அல்சாஸ் பகுதியில் வின்ஜென் என்ற ஊரில் இருந்த லாலிக் தொழிற்சாலை ஜெர்மன் ஆக்கிரமிப்பில் மூடிக் கிடந்தது. அப்பா இறந்த அதே வருடம் அந்த இடத்தைத் திரும்ப எடுத்துச் சரிசெய்து, அதுவரை சாதாரணக் கண்ணாடியில் நடந்த வேலையைக் கிரிஸ்டலுக்கு, அதாவது ஈயம் கலந்த பளபளப்பான கண்ணாடிக்கு, மாற்றினார். சுருள் சுருளாகத் திரும்பும் அந்த பாட்டில் உடலையும், மேலே ஒன்றோடொன்று இறக்கை பின்னிய இரண்டு புறாக்களையும் அங்கிருந்து கொண்டுவந்தவர் அவர். ஒவ்வொரு மூடியையும் அதனதன் பாட்டில் வாய்க்கென்றே தேய்த்துப் பொருத்துவார்கள், ஒன்றின் மூடி இன்னொன்றுக்குச் சரியாக உட்காராது.

ரெனேவை நான் குறைத்துச் சொல்லவில்லை. மருந்துக்கடை சீசா மாதிரி இருந்த சென்ட் பாட்டிலை, சென்ட் தயாரிப்பாளர் பிரான்சுவா கோட்டி கேட்டுக்கொண்டதற்காகக் கலைப்பொருளாக மாற்றியவர் அவர். அவருக்குச் சேர வேண்டிய புகழ் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது.

வாசனையைப் பற்றி கட்டுரையில் ஒரு வரிகூட இல்லையே! பிரான்சிஸ் ஃபப்ரோன் உருவாக்கிய வாசனை அது. கார்னேஷன் பூ, அதற்கே உரிய லேசான கிராம்புக் காரம், கூடவே மல்லிகை. பெயருக்கு அர்த்தம் 'அந்தக் காலத்தின் காற்று' என்று சொல்லலாம், ஒரு காலத்தில் எல்லோர் மனசிலும் ஓடுகிற உணர்வு என்ற பொருளில். பிரான்ஸில் வேலை பார்த்துத் திரும்பிய என் பெரியம்மா புதுச்சேரிக்குக் கொண்டுவந்த பாட்டில் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. அதில் இருப்பது கிரிஸ்டல் புறா இல்லை, விலை குறைந்த அளவுகளுக்குப் போட்ட பிளாஸ்டிக் புறா, மஞ்சளேறிவிட்டது. உங்கள் கட்டுரை இந்த வகையை 'மதிப்பில்லாதவை' என்று ஒதுக்குகிறது. ஏலத்தில் விலை போகாது என்பது சரி. ஆனால் ஆயிரக்கணக்கான பெண்கள் கையில் எடுத்துப் பூசிக்கொண்டது இதைத்தான், யாரும் இதைத் தூக்கிப்போட வேண்டாம். வெயில் படாமல், முடிந்தால் பழைய அட்டைப் பெட்டியிலேயே வைத்தால் மிச்சம் இருக்கும் வாசனை இன்னும் கொஞ்ச காலம் நிற்கும்.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று. ரெனே உயிரோடு இருந்தவரை கண்ணாடியில் 'ஆர். லாலிக்' என்று பொறித்தார்கள், அவர் போன பிறகு அந்த 'ஆர்' எடுக்கப்பட்டது. ஆகவே இரட்டைப் புறா பாட்டிலின் அடியில் 'ஆர். லாலிக்' என்று கையெழுத்து இருந்தால் பணத்தை எடுக்காதீர்கள். உங்கள் கட்டுரையை நம்பிப் போகிறவர் அதையே அசலுக்கு அடையாளம் என்று நினைத்து ஏமாறலாம், அந்தக் கவலையும் சேர்ந்துதான் இதை எழுத வைத்தது.

அடுத்த ஞாயிறு இணைப்பில், அதே பக்கத்தில், மார்க் லாலிக், ஜோவான் ரெபுல் இரண்டு பெயரையும் போட்டுத் திருத்தம் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
புதுச்சேரி