சுதுவுக்காக கை குடுத்த எல்லாருக்கும்

எங்கட ஒழுங்கை ஆக்களுக்கும் அதுக்கு வெளியில இருந்து உதவின எல்லாருக்கும் வணக்கம். போன சனிக்கிழமை எங்கட தெருநாய் சுதுவின்ர முறிஞ்ச கால்ல வைச்சிருந்த கம்பியை மிருக டொக்டர் கழட்டிட்டார், இப்ப நாலு காலையும் ஊண்டி கடைவாசல் வரைக்கும் ஓடுறாள், இடது பின்னங்கால் மட்டும் கொஞ்சம் இழுக்குது, அதுவும் நாள் போகச் சரிவரும் எண்டவர். அந்தக் கம்பியைக் கழுவி சின்னப் போத்தில்ல போட்டுத் தந்தவர், என்ர பென்சில் நீளம்கூட இல்லை. அதைக் கையில வைச்சுப் பாக்கேக்க உங்கள் ஒவ்வொருத்தரின்ர முகமும்தான் வந்தது, அதுதான் எழுதுறன்.

அண்டைக்கு இரவு நல்ல மழை. கொழும்பு மரைன் டிரைவில ஒரு வான் சுதுவை அடிச்சிட்டு நிப்பாட்டாமலே போட்டுது. இவள் ரோட்டோரத்தில கிடந்து கத்தினவளே தவிர எழும்ப ஏலேல்லை. நான் தூக்கப் போக, நோவில என்ர பெருவிரலைக் கடிச்சிட்டாள். ஓட்டோ அண்ணா, உங்களை எனக்கு அதுக்கு முதல் தெரியவே தெரியாது. நீங்கள்தான் ஓட்டோவை நிப்பாட்டி, முதல் கையைக் கழுவுங்கோ தங்கச்சி எண்டு கடைப் பைப்படிக்குக் கூட்டிக்கொண்டு போய் சவுக்காரம் போட்டு 15 நிமிஷம் கழுவ வைச்சனீங்கள், மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள். பிறகு உங்கட மழைக்கோட்டைக் கழட்டி அவளைச் சுத்தி பின் சீற்றில வளத்தினீங்கள். மீற்றரும் போடேல்லை. அடுத்த நாள் காலமை என்னை பெரியாஸ்பத்திரிக்கு விசர்நாய்க்கடி ஊசி போட ஏத்திக்கொண்டு போனதும் நீங்கள்தான். (நாய் கடிச்சா அந்த ஊசி அரசாங்க ஆஸ்பத்திரியில இலவசம், தயவுசெய்து ஒருத்தரும் மஞ்சள் பூசிக்கொண்டு வீட்டில இருக்காதேங்கோ.)

சுதுவை முதல் கொண்டுபோன மிருக ஆஸ்பத்திரியில முழுக்காசும் கட்டினாத்தான் தொடுவம் எண்டவை. ரெண்டாவது இடத்து டொக்டர் முதல் நோவுக்கு ஊசி போட்டார், பிறகுதான் காசுக் கதை. எக்ஸ்ரேயில தொடை எலும்பு ரெண்டாக் கிடந்தது. ரத்தம் சோதிச்சா உண்ணிக் காய்ச்சலும் இருக்காம், ரத்தத்தை உறைய வைக்கிற அணுக்கள் குறைவு, உடன வெட்டினா ரத்தம் நிக்காது, ஒரு கிழமை மருந்து குடுத்திட்டுத்தான் ஒப்பரேஷன் எண்டார். எல்லாத்துக்கும் 78,000 ரூபா வரும். நான் ஒரு புடவைக்கடையில கணக்கு எழுதுற ஆள், என்ர மாசச் சம்பளம் அதைவிடக் குறைவு. 2022ல டொலர் 200ல இருந்து 360க்குப் போனதோட வெளிநாட்டில இருந்து வாற மருந்து, மயக்க ஊசி எல்லாம் ஏறினது உங்களுக்கும் தெரியும். எனக்குக் கண்ணெல்லாம் இருட்டிக்கொண்டு வந்தது. அப்ப டொக்டர், நீங்கள் சொன்னது அப்பிடியே ஞாபகம் இருக்கு, இப்ப 20,000 கட்டுங்கோ, மிச்சம் நாலு மாசத்தில தாங்கோ எண்டனீங்கள். உண்ணிக் காய்ச்சலுக்கு டொக்சிசைக்கிளின் 28 நாளைக்கு வேணும், அது மனுசர் குடிக்கிற அதே குளிசைதான், மருந்துத் துண்டு எழுதித் தாறன், அரசாங்க மருந்துக்கடை ஒசுசலயில மலிவா எடுக்கலாம் எண்டும் சொல்லி விட்டனீங்கள். அந்தத் துண்டாலயே எனக்கு எவ்வளவு மிச்சம்!

பார்மசித் தம்பிக்கும் ஒரு நன்றி. நோவுக்கு பனடோல் குடுக்கட்டோ எண்டு கேக்க, டொக்டரைக் கேக்காமல் ஒண்டும் குடுக்காதேங்கோ அக்கா, பூனையெண்டா பனடோலில செத்தே போயிடும் எண்டு மறிச்சவர்.

ஒழுங்கைக் கடை முதலாளி, உங்கட கடை மேசையில அங்கர் பால்மா டின் ஒண்டை வைச்சு அதில சிங்களத்திலயும் தமிழிலயும் 'சுது' எண்டு எழுதி ஒட்டினது நீங்கள். சிங்களத்தில சுது எண்டா வெள்ளை, வெள்ளை நாய் எண்டு அந்தப் பேரை வைச்சதும் நீங்கள்தானே. பாண் வாங்க வந்த ஆக்கள் மிச்சக் காசை அதுக்க போட்டவை, பள்ளிக்கூடப் பிள்ளையள் 20 ரூபாத் தாளை நாலா மடிச்சுப் போட்டதுகள். கனடாவில இருக்கிற ஸ்காபரோ மச்சாள் கேக்காமலே காசு அனுப்பினா. மேல்மாடி அம்மா, வைரவருக்கு வடைமாலை சாத்த வைச்ச 3,000 ரூபாயைக் கொண்டுவந்து, அவற்ற வாகனத்துக்குத்தானே போகுது, கோவிக்க மாட்டார் எண்டு சொல்லி டின்னுக்க போட்டா. நான் அண்டைக்கு அழுதிட்டன்.

ஆனா காசு சேந்தாலும் வேலை முடியேல்லை, இதை ஒருத்தரும் முன்னமே சொல்றேல்லை. ஒப்பரேஷனுக்குப் பிறகு ஆறு கிழமை பாய விடக்கூடாது, கூட்டுக்க வைக்கோணும். என்ர அனெக்ஸ் ஒரு அறையும் ஒரு குசினியும். பக்கத்து ஒழுங்கை நானா, உங்கட வீட்டுப் பின்னால சும்மா கிடந்த கோழிக்கூட்டை நீங்களே ஆள் பிடிச்சு தூக்கிக்கொண்டு வந்து இறக்கினீங்கள். நாங்கள் நாயைத் தொடுறேல்லை மகள், ஆனா தாகத்தில நிண்ட நாய்க்குத் தண்ணி குடுத்தவருக்கு அல்லாஹ் மன்னிச்சவன் எண்டீங்கள். அதுக்குப் பிறகு ஆறு கிழமையும் நான் வேலைக்குப் போன நேரம், கம்பிக்கு வெளியில நிண்டு சாடிக்குத் தண்ணி ஊத்தினது நீங்கள்தான் எண்டு எதிர்வீட்டு அன்ரி பிறகுதான் சொன்னா. அன்ரி, நீங்கள் மத்தியானம் மத்தியானம் சோறும் ஈரலும் குழைச்சுக் குடுத்ததை நான் எப்பிடிச் சொல்ல. கோழிக்கடைத் தம்பி அந்த ஈரலுக்கு ஒரு நாளும் காசு வாங்கேல்லை.

நான் சின்னனா இருக்கேக்க நாய் பிடிக்கிற வண்டி வரும், பிடிச்சுக்கொண்டு போறது திரும்பி வராது. 2006ல தெருநாயளைக் கொல்லுறதில்லை எண்டு அரசாங்கம் முடிவெடுத்தது நல்ல விஷயம், நான் மனசார வரவேற்கிறன். ஆனா உயிரோட விட்ட நாய்க்கு கால் முறிஞ்சா பில்லை ஆர் கட்டுறது? இப்ப அது கண்ணில கண்ட ஆளின்ர தலையிலதான். அதால காசில்லாத சனம் கண்டும் காணாத மாதிரிப் போகுது, அவையள்ல பிழை சொல்ல எனக்கு வாய் வராது, நானும் முந்தி அப்பிடிப் போன நாளுகள் இருக்கு. அண்டைக்கு நான் நிண்டதுக்கு நீங்கள் எல்லாரும் எனக்குப் பின்னால வந்து நிண்டீங்கள்.

கணக்கு: மொத்தம் 78,000ல என்ர கையால போனது 19,500. மிச்சம் முழுக்க உங்கட காசு. பில், ஸ்லிப் எல்லாம் ஒட்டின கொப்பி முதலாளியின்ர கடையில கிடக்கு, ஆரும் எடுத்துப் பாக்கலாம். கம்பி கழட்டின அண்டைக்கே கருத்தடையும் செய்தாச்சு, அதுவும் இந்தக் கணக்குக்குள்ளதான்.

டின்னை எடுக்க வேண்டாம் எண்டு முதலாளி சொல்லிட்டார். இப்ப அதுக்க 1,340 ரூபா இருக்கு. நேற்று பிளட்ஸ் படிக்குக் கீழ கிடந்த பூனைக்குட்டிக்கு கண்ணுக்கு விடுற மருந்து அதாலதான் வாங்கினது, ஒரு கண் திறந்திட்டுது.