அரசூர்ப் பக்கத்து அக்காவுக்கு நன்றி

மதுரை வந்து சேர்ந்துவிட்டோம். அம்மா, மகள், நான் எல்லாரும் நன்றாக இருக்கிறோம். போன் போட்டு விசாரித்தவர்களுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்ல முடியவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஃபெஞ்சல் புயல் கதையை டிவியில் நீங்களே பார்த்திருப்பீர்கள். சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் வந்து, விழுப்புரம் மாவட்டம் அரசூரில் சென்னை-திருச்சி நாற்கரச் சாலை மேலேயே வெள்ளம் ஓடியபோது அந்த பஸ் வரிசையில் நாங்களும் இருந்தோம். ரயிலில் வந்திருக்கலாமே என்று கேட்ட சித்தப்பாவுக்கு: விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் நடுவே ரயில் பாலத்திலும் தண்ணீர் அபாய அளவைத் தாண்டிவிட்டது, வண்டியே விடவில்லை.

பசியைக்கூடப் பொறுக்கலாம். அம்மாவுக்கு பிரஷருக்காக தினமும் நீர் மாத்திரை உண்டு. அன்று மாத்திரையும் போடாமல், ஒரு வாய் தண்ணீரும் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். ஏன் என்று பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முன்னும் பின்னும் லாரி, இருபக்கமும் தண்ணீர், ஒதுங்க ஒரு புதர் கிடையாது.

அப்போதுதான் ரோட்டோர ஓட்டு வீட்டிலிருந்து ஒரு அக்கா வந்து, "பொம்பளைங்க யாராச்சும் பாத்ரூம் போவணும்னா வாங்க" என்று பஸ் பஸ்ஸாகக் கூப்பிட்டார். அவர் வீட்டுக்குப் பின்னாலேயே தண்ணீர் நின்றது. நனைந்த நெல் மூட்டையைத் திண்ணையில் ஏற்றி வைத்திருந்தார்கள். கரண்ட் இல்லை, மோட்டார் ஓடாது, அடிபம்பில் அடித்து வாளி வாளியாக அவரும் அவர் பையனும்தான் சுமந்தார்கள். ரொம்ப அன்பாகப் பேசினார் என்று நினைக்காதீர்கள், சரியான அதட்டல்! "தண்ணிய அளவா ஊத்துங்க, வரிசையில நில்லுங்க" என்று ஒரு சத்தம். பின்னாலேயே வந்த ஆண்களைப் பார்த்து, "ஒங்களுக்குத்தான் ரோடு பூரா கெடக்கே, போங்க" என்று விரட்டிவிட்டார். அம்மாவை மட்டும் வரிசையில் நிற்க விடாமல் கையைப் பிடித்து முன்னால் கூட்டிப்போனார். வரும்போது அம்மா நூறு ரூபாயை நீட்ட, "கக்கூசுக்குக் காசு வாங்க இது என்ன பஸ் ஸ்டாண்டா?" என்று உண்மையாகவே கோபம் வந்துவிட்டது அவருக்கு. அப்புறம்தான் அம்மா மாத்திரை போட்டார், தண்ணீர் குடித்தார்.

வண்டியை விட்டு நகராத டிரைவர் அண்ணன், தக்காளிச் சோறு கொண்டுவந்த ஊர்ப் பையன்கள், மழையில் நின்று வண்டிகளைத் திருப்பிவிட்ட போலீஸ்காரர்கள், அகாலத்தில் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்கு வந்து காத்திருந்த பக்கத்து வீட்டுத் தம்பி, எல்லாருக்கும் நன்றி.

வெள்ளம் வடிந்ததும் எங்களுக்குச் சாலை திறந்துவிட்டது. திருவண்ணாமலைப் பக்கம் அகரம்பள்ளிப்பட்டில், செப்டம்பரில்தான் திறந்த பாலம், 16 கோடியாம், ஆற்றோடு போய்விட்டது. அந்தச் சனங்கள் இனி எத்தனை மாதம் சுற்றிக்கொண்டு போக வேண்டுமோ.

சரி, ஒன்று முடிவு செய்திருக்கிறோம். அழகர்கோவில் ரோட்டில் எங்கள் வாசலில் அப்பா காலத்திலிருந்தே, சித்திரைத் திருவிழாவில் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவைக்கு நீர்மோர்ப் பந்தல் போடுவது வழக்கம். குடிக்கக் கொடுக்கிறோமே, விடிய விடிய நடந்துவரும் பெண்கள் அதற்கப்புறம் எங்கே போவார்கள்? வருகிற சித்திரையில் பந்தலுக்குப் பக்கத்திலேயே கேட்டைத் திறந்து "பெண்கள் கழிப்பறை, காசு வேண்டாம்" என்று அட்டை மாட்டப் போகிறோம். அதட்டுகிற வேலை அம்மாவுக்கு. மோட்டார் நின்றாலும் தண்ணீர் இருக்க இரண்டு பெரிய டிரம் வாங்க வேண்டும். கடச்சனேந்தலிலிருந்து தல்லாகுளம் வரை வீடு வைத்திருப்பவர்கள் யாராவது சேர்ந்துகொள்வதாக இருந்தால் இப்போதே சொல்லுங்கள்.