குட்டை என்று இளப்பமாக எழுதலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கனடாவின் வடகோடியில் இனுயிட் பழங்குடியினர் வாழும் ஊர்களில் கழிவுநீரைச் 'சும்மா குட்டையில் கொட்டுகிறார்கள்' என்று உங்கள் இதழில் வந்த வரி உறுத்தியது. அங்குள்ள நுனாவுட் பிரதேசத்தில் இரண்டு குளிர்காலம் வேலை பார்த்தவன் நான்.

அங்கே நிலமே உறைந்து கிடக்கிறது. பெரும்பாலான ஊர்களில் குழாய் புதைப்பதில்லை. வீட்டுக்கு வீடு கழிவுநீர்த் தொட்டி, அதை உறிஞ்சிக் குட்டைக்குக் கொண்டுபோக லாரி. தொட்டி நிரம்பினால் தண்ணீர் மோட்டாரும் தானாக நின்றுவிடும். ஒருமுறை பனிப்புயலில் லாரி வரவில்லை. பல் துலக்க பனிக்கட்டியை உருக்கினேன்!

அந்தக் குட்டை வருடத்தில் பாதிக்கு மேல் வெறும் ஐஸ்தான். கோடையில், இரவே இல்லாத நாட்களில், பாசி பிடித்துப் பச்சையாகும். பாசி விடும் ஆக்சிஜனை வைத்து நுண்ணுயிர்கள் கழிவைத் தின்னும். கோடை முடிவில் தெளிந்த நீரை வடித்துவிடுவார்கள். மின்சாரம் வேண்டாம், ரசாயனம் வேண்டாம். இயந்திரச் சுத்திகரிப்பு நிலையம் கட்டலாம்தான். அப்புறம் ஒரு உதிரிபாகம் பழுதானால் விமானத்தில் வரவேண்டும்.

குறை உண்டு. வெளியே விடும் கழிவுநீரில் மிதக்கும் திடப்பொருள் சராசரியாக லிட்டருக்கு 25 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கின்றன கனடா மத்திய அரசின் 2012ஆம் ஆண்டு விதிகள். அவை நுனாவுட்டுக்குப் பொருந்தாது. உறைநிலம் இளகினால் குட்டையின் கரை கசியும். வடித்த நீர் போய்ச் சேரும் கடலில்தான் அம்மக்கள் சீல் வேட்டையாடுகிறார்கள், மீன் பிடிக்கிறார்கள். எழுதுவதென்றால் இதை எழுதுங்கள்.

வாசகர் ஒருவர்,
டொராண்டோ