புள்ளி சிறிய வட்டம் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் இதழின் மாணவர் பக்கத்தில் வடிவியலின் அடிப்படைச் சொற்களை விளக்கும் பகுதி வெளியாகியிருந்தது. 'புள்ளி என்பது மிகச் சிறிய வட்டம்' என்று அதன் முதல் வரியிலேயே அச்சிட்டிருக்கிறீர்கள். கணிதம் கற்பித்தே காலத்தைக் கழித்தவன் நான். அந்த வரியைக் கடந்து மேலே படிக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒரு தளத்தில், நிலையான ஒரு புள்ளியிலிருந்து சம தொலைவில் இருக்கும் புள்ளிகள் அனைத்தும் சேர்ந்ததே வட்டம். இது தாங்கள் அறியாததல்ல. அதே பக்கத்தின் கீழ்ப்பகுதியில் வட்டத்தை அப்படித்தான் விளக்கியிருக்கிறீர்கள். வட்டத்தைச் சொல்லப் புள்ளி வேண்டும், புள்ளியைச் சொல்ல வட்டம் வேண்டும் என்றால் படிக்கும் பிள்ளை எதைப் பிடித்துக்கொண்டு மேலே போவான்?

பள்ளிப் பிள்ளைகளுக்கு இவ்வளவு போதும் என்று தங்கள் குழுவில் யாரேனும் சொல்லக்கூடும். போதாது. என் வகுப்பில் ஒரு மாணவி நோட்டில் இரண்டு புள்ளிகளைப் பேனாவால் அழுத்தி வைத்தாள். பிறகு பென்சிலைக் கூராகச் சீவி, அளவுகோலை வைத்து அந்த இரண்டின் வழியாகவும் மூன்று கோடுகள் இழுத்தாள். ஒன்று இரண்டின் மேல் விளிம்பையும் ஒட்டிப் போனது. இன்னொன்று கீழ் விளிம்பை ஒட்டிப் போனது. மூன்றாவது சற்றே சாய்ந்து நடுவே போனது. 'இரண்டு புள்ளிகள் வழியே ஒரே ஒரு நேர்க்கோடுதான் போகும் என்றீர்களே ஐயா, மூன்று போகிறதே' என்று நோட்டை நீட்டினாள். அவள் கேட்டதில் ஒரு தவறும் இல்லை. புள்ளி வட்டமாக இருந்தால் மூன்று மட்டுமல்ல, எண்ணற்ற கோடுகள் போகும். தாளில் இருக்கும் மைப்பொட்டு புள்ளியைக் காட்டும் அடையாளம் மட்டுமே, புள்ளிக்கு நீளம் இல்லை, அகலம் இல்லை, இருக்கும் இடம் மட்டுமே உண்டு என்று எடுத்துச் சொல்ல அந்தப் பாடவேளை முழுவதும் ஆனது. அவ்வளவு நேரம் கொடுக்க வேண்டிய விஷயம்தான் அது.

கி.மு. 300-ஐ ஒட்டி வாழ்ந்த கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் தம் வடிவியல் நூலின் முதல் பாகத்தை 23 வரையறைகளோடு தொடங்குகிறார். முதல் வரையறையே புள்ளிக்குத்தான்: பகுதிகள் இல்லாதது எதுவோ அது புள்ளி. அடுத்தது கோடு: அகலமில்லாத நீளம். இதிலும் குறை இருப்பதாகப் பின்னால் வந்தவர்கள் கருதினார்கள். 'பகுதி' என்றால் என்ன, 'நீளம்' என்றால் என்ன என்று கேட்டுக்கொண்டே போனால் எங்காவது ஓரிடத்தில் நின்றுதான் ஆகவேண்டும். 1899-இல் ஜெர்மானியக் கணித அறிஞர் ஹில்பர்ட் புள்ளி, கோடு, தளம் ஆகிய மூன்றையும் வரையறுக்காமலேயே விட்டு, அவை ஒன்றோடொன்று எப்படி உறவு கொள்கின்றன என்பதை மட்டும் அடிக்கோள்களாக, அதாவது நிரூபணமின்றி ஏற்றுக்கொள்ளும் அடிப்படைக் கூற்றுகளாக, வகுத்தார். இத்தனை பேர் இத்தனை காலம் தயங்கித் தயங்கிக் கையாண்டதை ஒரே வரியில் தவறாக முடித்துவிட்டீர்களே என்பதுதான் என் வருத்தம்.

அந்தப் பக்கத்தின் படங்களும் அப்படியே. கோடு, கோட்டுத்துண்டு, கதிர் மூன்றுக்கும் ஒரே கீற்றைப் போட்டிருக்கிறீர்கள். இருபுறமும் முடிவின்றி நீளும் கோட்டுக்கு இருபுறமும் அம்புக்குறி வேண்டும், ஒரு புள்ளியில் தொடங்கி ஒருபுறம் மட்டும் நீளும் கதிருக்கு ஒருபுறம் வேண்டும், கோட்டுத்துண்டுக்கு இரு முனைப்புள்ளிகள் வேண்டும். இணைகோடுகளை 'ஒருபோதும் சந்திக்காத கோடுகள்' என்று சொல்லி நிறுத்திவிட்டீர்கள். 'ஒரே தளத்தில்' என்ற இரண்டு சொற்கள் இல்லாமல் அது நிற்காது. தாங்கள் இருக்கும் அறையையே பாருங்கள். முன்சுவர் தரையோடு சேரும் விளிம்பும், பின்சுவரின் மூலையில் செங்குத்தாக மேலே ஏறும் விளிம்பும் எவ்வளவு நீட்டினாலும் சந்திக்கமாட்டா. அவற்றை இணைகோடுகள் என்று யார் சொல்வார்கள்?

சென்ற ஆண்டு கோணங்கள் பற்றி எழுதியபோதும் இதுவே நடந்தது. நீளமான கதிர்களைக் கொண்ட 30 பாகைக் கோணத்தைப் பெரியதென்றும், குட்டையான கதிர்களைக் கொண்ட 40 பாகைக் கோணத்தைச் சிறியதென்றும் படத்தின் கீழ் அச்சிட்டீர்கள். கோணம் என்பது திருப்பத்தின் அளவு. கதிரை எவ்வளவு நீட்டினாலும் அது மாறாது. வகுப்பில் பிள்ளைகளிடம் நான் ஓயாமல் மாற்றிய பிழை இது. இது போதாதென்று, அளக்கும்போது கோணமானியின் அடி விளிம்பைக் கதிரின் மேல் வைப்பார்கள்; பூச்சியக் கோடு அந்த விளிம்புக்குச் சற்று மேலே இருப்பதைக் கவனிக்கமாட்டார்கள். உள் அளவையும் வெளி அளவையும் குழப்பி 40-க்கு 140 என்று எழுதுவார்கள். அவர்களுக்கு உதவ வேண்டிய பக்கம் குழப்பத்தைக் கூட்டலாமா என்று அப்போதே கடிதம் எழுதினேன். பதிலும் வரவில்லை, திருத்தமும் வரவில்லை.

அதற்கும் முன்பு, 'சதுரம் செவ்வகம் ஆகாது' என்று தங்கள் வினாடி வினாவில் விடை வந்தது. நான்கு கோணங்களும் செங்கோணமாக உள்ள நாற்கரம் செவ்வகம். சதுரத்துக்கு அது உண்டு. ஒரு மாணவன் அந்தத் துண்டைக் கத்தரித்து எடுத்துவந்து, 'ஐயா, பத்திரிகையில் போட்டிருக்கிறார்களே' என்றான். என் சொல்லைவிட அச்சில் வந்ததை அவன் நம்பினான். பிள்ளைகள் தங்கள்மீது வைத்திருக்கும் அந்த நம்பிக்கையை எண்ணித்தான் மறுபடியும் எழுதுகிறேன்.

அடுத்த இதழில், மாணவர் பக்கத்திலேயே, புள்ளி பற்றிய வரியைத் திருத்தி வெளியிடுங்கள். கோடு, கோட்டுத்துண்டு, கதிர் ஆகியவற்றின் படங்களை அம்புக்குறிகளோடு மறுபடியும் போடுங்கள். இனி அச்சுக்குப் போகும் முன் கணித ஆசிரியர் ஒருவரிடம் அந்தப் பக்கத்தை ஒருமுறை காட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணித ஆசிரியர் ஒருவர்