பையனுக்குப் போன் வாங்குவது பற்றி

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் நிம்மதி. சொட்டு மருந்தை நேரத்துக்கு விடச் சொல், மறந்துபோய்விட்டு ‘விட்டேன்’ என்பார், அவரை எனக்குத் தெரியாதா. இங்கே பென்னாகரம் பக்கம் எல்லாரும் சுகம். தக்காளி போட்டவர்கள்தான் பாலக்கோடு மண்டிக்கு ஏற்றிப்போன வண்டி வாடகைக்குக்கூடத் தேறவில்லை என்று புலம்புகிறார்கள்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். பையன் ஒன்பதாவது போகிறான், போன் கேட்டு அடம் பிடிக்கிறான், பள்ளியிலோ கொண்டுவரக் கூடாது என்கிறார்கள், டியூஷன் முடிந்து வீடு வர எட்டு மணி ஆகிறது, நீ வாத்தியார்தானே நீயே சொல் என்று கேட்டிருக்கிறாய். வகுப்புக்குள் போன் வேண்டாம். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. படிப்பு கெடும் என்று எல்லாரும் சொல்வார்கள், அதுவும் இருக்கிறது, ஆனால் எனக்குப் பெரிய பயம் கேமராதான். பாத்ரூம் பக்கம் ஒருத்தன் எடுக்கிற பத்து செகண்ட் வீடியோ சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் போய்விடும், அதை எந்த வாத்தியாராலும் திரும்பப் பிடிக்க முடியாது.

படிப்புக் கணக்கும் சொல்கிறேன். 2015-ல் இங்கிலாந்துப் பள்ளிகளை வைத்து ஒரு ஆய்வு வந்தது. போனைத் தடை செய்ததும் நன்றாகப் படிக்கிறவர்களுக்கு ஒன்றும் மாறவில்லை, பின்தங்கியவர்களுக்குத்தான் மதிப்பெண் ஏறியது என்றார்கள். பிறகு ஸ்வீடனில் இதையே பார்த்தபோது அப்படி எதுவும் தெரியவில்லை. எனக்கு என் கடைசி பெஞ்ச் தெரியும் என்பதால் முதல் ஆய்வைத்தான் நம்பத் தோன்றுகிறது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். 2020-ல் பள்ளியை மூடியபோது எப்படியாவது ஒரு போன் வாங்கிக் கொடுங்கள் என்று பெற்றோரிடம் கெஞ்சியவர்கள் நாங்கள்தான். ஆட்டை விற்று வாங்கியவர்களும் உண்டு, டவர் கிடைக்கிற மேட்டுக்குப் பிள்ளைகள் ஏறிப் போனார்கள். சின்ன வகுப்புகளுக்குப் பள்ளி திறக்க 2021 நவம்பர் ஆகிவிட்டது. அதற்குள் பழக வேண்டியதெல்லாம் பழகியாயிற்று. கிராமத்துப் பிள்ளைகளின் படிப்பைக் கணக்கெடுக்கிற ஏசர் 2024 அறிக்கையைப் பார், கிராமத்தில் 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளில் 82 சதவீதம் பேருக்கு ஸ்மார்ட்போனைக் கையாளத் தெரிகிறது, அவர்களில் முந்தைய வாரத்தில் படிப்புக்காகத் தொட்டவர்கள் 57 சதவீதம், சமூக ஊடகம் பார்த்தவர்கள் 76 சதவீதம். இப்போது வந்து ‘தொடாதே’ என்கிறோம். அதைச் சொல்கிற என் கையிலும் போன்தான், வருகைப்பதிவே செயலியில்தானே போடுகிறேன்.

இதெல்லாம் போகட்டும். எனக்கு உண்மையில் உறுத்துவது வேறு. தடை இருக்கட்டும், பிடிபட்ட பிறகு என்ன செய்வது? எல்லாப் பள்ளியிலும் ஒரே வழக்கம்தான்: போனைப் பிடுங்கு, பெற்றோரை வரச் சொல். பையன் என்றால் அப்பா வருவார், எங்கள் முன்னாலேயே முதுகில் ரெண்டு வைப்பார், போனை வாங்கிக்கொண்டு போவார், மறுநாள் அவன் சிரித்துக்கொண்டே வந்து உட்காருவான். பெண் பிள்ளையின் பையில் போன் இருந்தது என்று வீட்டுக்குச் சொல்லிப் பார். யார் வாங்கிக் கொடுத்தது, யாரோடு பேசுகிறாள் என்று தெருவே கேட்கும், அடுத்த வாரம் அவள் வர மாட்டாள், அப்புறம் டிசி கேட்டு அம்மா வந்து நிற்பார், மாமன் வீட்டில் பேச்சு முடிந்திருக்கும். நம் மாவட்டத்தில் பதினெட்டுக்கு முன்னால் கட்டிக் கொடுப்பது உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2006-லேயே சட்டம் இருக்கிறது, குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் அடித்தால் ஆள் வருவார்கள், நான் அடித்தும் இருக்கிறேன். ஆனால் அந்த நிலைமைக்கு நாமே ஏன் கொண்டுபோய் விட வேண்டும்? அதனால் பெண் பிள்ளைகளிடம் பிடிபட்டால் போனைப் பீரோவில் வைத்துவிட்டு, சயின்ஸ் டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசச் சொல்கிறேன், சாயங்காலம் கையிலேயே கொடுத்துவிடுகிறோம். பையனுக்கு ஒரு நியாயம் பெண்ணுக்கு ஒரு நியாயமா என்று தலைமை ஆசிரியர் கோபப்படுகிறார். ஊர் அப்படித்தானே வைத்திருக்கிறது என்றேன். இன்னும் எங்களுக்குள் அது தீரவில்லை.

இன்னொன்று, பள்ளியில் பிள்ளைகள் பேசுவதற்கென்று ஒரு போன் வேண்டும். முன்னே பெட்டிக்கடையில் ஒரு ரூபாய் காயின் பாக்ஸ் இருந்தது, அதுவும் போயிற்று. மலைக்குப் போகிற கடைசி டவுன் பஸ் வரவில்லை என்றால் அந்தப் பிள்ளை யாரிடம் சொல்லும்? இப்போதைக்கு என் போனுக்குத்தான் சாயங்காலம் வரிசை நிற்கிறது.

உன் பையனுக்கு ஒரு பட்டன் போன் வாங்கிக் கொடு. காலையில் கேட்டிலோ ஆபீசிலோ கொடுத்துவிட்டு, டியூஷனுக்குப் போகும்போது வாங்கிக்கொள்ளட்டும். முறைத்துக்கொள்வான், முறைக்கட்டும். ராத்திரியில் உன் போனை எத்தனை மணி வரைக்கும் வைத்திருக்கிறான் என்பதை நீதான் பார்க்க வேண்டும், அதில் பள்ளியின் தடை உனக்கு உதவாது. அப்புறம், பகலில் போன் கூடாது என்கிற அதே பள்ளி வீட்டுப்பாடத்தை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறது என்று எழுதியிருந்தாயே, படித்ததும் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தது. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் எழுந்து, டைரியில் எழுதிப் போடுவதில் என்ன கஷ்டம் என்று கேள். கேட்டுவிட்டு என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுது.

இப்படிக்கு,
உன் பழைய ஹாஸ்டல் கூட்டாளி